ரெண்டு இஞ்ச்

பத்தரைக்கு டாக்டரைப் பார்க்க வேண்டும். எட்டு மணிக்கே தையல்காரர் குளித்துவிட்டுச் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் வெட்டுமேசை ஓரம் நின்றார். போன வாரம் சேர்ந்த சட்டை இன்று சேரவில்லை. ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுத்தவருக்குப் போட்டுக்கொள்ளச் சட்டை இல்லை. அவர் மனைவிக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கத்தான் தெம்பில்லை.

கல்லீரல் கெட்டு வயிற்றில் நீர் கட்டியிருக்கிறது, குடிதான் காரணம் என்று டாக்டர் போன தடவையே போட்டு உடைத்துவிட்டார். தினமும் காலையில் வயிற்றை அளந்து எழுதி வரச் சொன்னார். மாத்திரையே போதுமா, ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டுமா என்பதை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வாராம். குடியை அடியோடு விட்டால்தான் மேற்கொண்டு பேச்சே என்றும் சொல்லியிருந்தார். தையல்காரர் விட்டு இரண்டு மாதம் ஆகிறது. அந்த இரண்டு மாதத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நடமாடிக்கொண்டிருந்தாள்.

நோட்டில் பதினாலு நாளும் நாற்பத்திரண்டு இஞ்ச் என்றே இருந்தது. அவர் டேப்பைப் பிடித்துச் சொன்னதை அவள் எழுதியது. இன்று சட்டையைப் பார்த்ததும் சந்தேகம் வந்து, டேப்பை வாங்கி அவளே சுற்றினாள்.

"நாப்பத்தி நாலுங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "வாய்ல வந்துடுச்சு. பழக்கதோஷம்."

கடையில் அப்படித்தான். தொந்தி வைத்தவர்களிடம் உள்ளதைச் சொன்னால் முகம் சுண்டிவிடும் என்று அவர் இரண்டு குறைத்துச் சொல்வார், அவள் இரண்டு கூட்டி எழுதுவாள். இருபது வருஷத்தில் ஒரு பேன்ட்கூடத் திரும்பி வந்ததில்லை. சொந்த உடம்பிலுமா தொழில் புத்தியைக் காட்டுவார் என்று இந்த நோட்டில் மட்டும் அவள் கூட்டாமல் விட்டிருந்தாள்.

"டாக்டர் என்ன, உங்ககிட்ட பேன்ட் தைக்கவா வந்தாரு?"

எந்த நாளுக்கு எவ்வளவு என்று இனி யாருக்குத் தெரியும்? கடைசி வரியை மட்டும் திருத்திவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

"குடிச்சப்ப ஒரு நாளைக்கு எவ்வளவுன்னு கேப்பாரு."

"ஒரு குவாட்டர்னு போடு."

"கூட்டணுமா?"

அவர் டேப்பை எடுத்துச் சுருட்டினார். "ரெண்டு கூட்டிக்கோ."

மூன்று என்று எழுதினாள். அவளுக்கு இது தெரிந்ததுதான், வாய்விட்டுக் கேட்டதுதான் புதிது. அடுத்ததற்கு அவரைக் கேட்கவே இல்லை. 'விட்டு இரண்டு மாதம்' என்று அழுத்தமாக எழுதினாள். எழுதும்போதே மனசுக்கு ஆறுதலாக இருந்தது.

அவர் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுல..."

"அதுல கூட்டக் கூடாதுங்க. உள்ளதைத்தான் சொல்லணும்."

"கூட்ட வேணாம்மா," என்றார். "ரெண்டைக் கழிச்சிடு."

பேனா நோட்டின் மேலேயே நின்றது. தெருவில் யாரோ யாரையோ கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். அவளுக்கு அழுகைகூட வரவில்லை, அப்படியே படுத்துவிட்டால் தேவலை என்றிருந்தது. மணி எட்டரை ஆகியிருந்தது.

"சட்டையைக் கழட்டுங்க," என்றாள்.

வாங்கி உள்பக்கம் திருப்பி மேசையில் விரித்தாள். பிளேடை எடுத்துப் பக்கத்துத் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பிரித்த இடத்தில் விரலை விட்டு, இன்னும் இரண்டு இஞ்ச் விடுவதற்கு உள்ளே துணி மடிந்து கிடக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.