ஹானிமின் முறை

மரண அறிவிப்பு வண்டி வந்து நின்றபோது ஃபிக்ரியா மூன்றாம் மாடி பால்கனியிலிருந்து கூடையைக் கயிற்றில் கட்டி இறக்கிக்கொண்டிருந்தாள். கூடையில் ஒரு துண்டுச் சீட்டு. அதில் தம்பியின் பெயரும் ஜனாஸா தொழுகை நடக்கும் பள்ளிவாசலும் இருந்தன. டிரைவர் எடுத்துப் படித்துவிட்டு அண்ணாந்து பார்த்தான்.

"அல்லாஹ் பொறுமையைத் தரட்டும் ஹாஜியம்மா. இவர் யாரோட தகப்பன், யாரோட அண்ணன்னு எழுதலையே?"

"கல்யாணமே பண்ணிக்கலை. என் தம்பி. நான் அக்கா. அவ்வளவுதான்."

"ஆம்பளைங்க யாருமே இல்லையா?"

"இல்லை."

அவன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பொம்பளைங்க பேரை மைக்குல சொல்ற வழக்கமில்லையே."

"அப்ப சொல்லாதே. வண்டியை எடு."

மின்சார மீட்டர் பார்த்து ஓய்வுபெற்ற ஷவ்கி இறைவனின் கருணைக்குச் சென்றுவிட்டார் என்று வண்டி தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனது. ஆற்றங்கரைப் பக்கம் திரும்பும்வரை அந்த ஒற்றைப் பெயர் அவளுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. தும்யாத் நகரில் ஷவ்கி மீட்டர் பார்க்காத வீடு கிடையாது. உள்ளே வாங்க என்று உட்காரவைத்த வீடும் அதிகம் கிடையாது.

ஆக, ஊருக்கெல்லாம் சேதி சொல்லியாகிவிட்டது, ஒருத்தியைத் தவிர.

அந்த ஒருத்தி யாரென்று ஃபிக்ரியாவுக்கும் தெரியாது. தினமும் மதியச் சாப்பாடு முடிந்ததும் ஷவ்கி தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு டேப்லெட்டைத் திறப்பான். பகடை உருளும் சத்தம் வரும். பிறகு அவன் குரல். "சீக்கிரம் ஆடுங்க ஹானிம், டீ ஆறுது." கொஞ்ச நேரம் கழித்து, "இது அநியாயம் ஹானிம், கொள்ளை!" என்று ஒரு சிரிப்பு. சாப்பாட்டு மேசையில் வாயில் கொழுக்கட்டை வைத்தவன்போல் இருப்பவனுக்கு, ஹானிம் என்று மரியாதையாக அழைக்கும் எவளோ ஒரு சீமாட்டியிடம் மட்டும் அப்படி ஒரு சிரிப்பு! ஆரம்பத்தில் ஃபிக்ரியா பாத்திரங்களை வேண்டுமென்றே உருட்டுவாள். போகப்போக, அந்தச் சிரிப்பு காதில் விழட்டும் என்று குழாயைக் குறைத்துவைக்கப் பழகிவிட்டாள். யார் அவள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அவனும் சொன்னதில்லை.

யார் எது கேட்டாலும் சரி என்பவன் ஷவ்கி. 'புதிய பதிப்புக்கு மாறலாமா' என்று டேப்லெட் கேட்டபோதும் சரி என்று தொட்டுவிட்டான். மாறியது. அதன்பிறகு நிறுவனத்தின் முத்திரை திரையில் வருவதும் மறைவதும் மறுபடி வருவதுமாகவே இருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு பகலெல்லாம் உட்கார்ந்திருந்தான். சுவருக்கு அப்பால் சத்தமே இல்லை. ஒருநாள் சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, பழைய பகடைப் பலகை பரண்மேலதான் கிடக்கு. ஒரு ஆட்டம் போடலாமா?"

"கையெல்லாம் மீன் நாத்தம். நாளைக்குப் பார்ப்போம்."

அவன் வழக்கம்போல, "சரி" என்றான். அடுத்த நாள் அவளும் மறந்துபோனாள், அவனும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை விடியலில் தொழுகைக்கு எழுப்பப் போனபோது உடம்பு குளிர்ந்திருந்தது. தலையணைக்குப் பக்கத்தில் டேப்லெட் முத்திரையைக் காட்டிக் காட்டி மறைத்துக்கொண்டிருந்தது.

மூன்று நாளும் துக்கம் விசாரிக்கப் பெண்கள் வந்தார்கள். சர்க்கரை போடாத காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள். ஃபிக்ரியா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். இவளாக இருக்குமோ, அவளாக இருக்குமோ? நல்ல கைப்பையோடு வந்த ஒருத்தி விம்மி விம்மி அழுதபோது ஃபிக்ரியா போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். விசாரித்தால் அவள் பக்கத்துக் கட்டடத்து எழவுக்கு வந்தவள், வீடு மாறி ஏறிவிட்டாள்.

நான்காம் நாள் ஃபிக்ரியா டேப்லெட்டைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு செல்போன் பழுதுபார்க்கும் தர்வத்தின் கடைக்குப் போனாள். அவன் அதைக் கையில் வாங்கி எடை பார்ப்பவன்போல் ஆட்டிப்பார்த்தான்.

"இது டேப்லெட் இல்லை ஹாஜியம்மா, கிழவர். கிழவர் முதுகுல ஃப்ரிட்ஜைத் தூக்கி ஏத்தியிருக்காங்க. எப்படி எந்திரிப்பார்?"

"எப்படியாவது எந்திரிக்க வை."

"மொத்தத்தையும் அழிச்சுட்டா மாப்பிள்ளை மாதிரி எந்திரிச்சு நிப்பார்."

"அழிக்காதே!" அவள் போட்ட சத்தத்தில் தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உள்ளே ஒரு பெண் இருக்கா. ஷவ்கி கூட ஆடிக்கிட்டிருந்தவ. அவளுக்குச் சேதி சொல்லணும். பாவம், இன்னும் காத்துக்கிட்டிருப்பா."

"ஷவ்கி அண்ணனுக்குப் பொம்பளையா!" என்று சிரிக்கப்போன தர்வத், அவளுடைய கறுப்பு உடையைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான்.

ஓரத்துப் பொத்தான்கள் இரண்டையும் சேர்த்து அமுக்கிப் பிடித்தான். கறுப்புத் திரையில் பொடி எழுத்துகள் வந்தன. "குப்பையை மட்டும் கூட்டறேன். சாமான்ல கைவைக்கலை. அப்பவும் எந்திரிக்கலைன்னா என்னைத் திட்டக் கூடாது."

முத்திரை வந்தது, மறைந்தது. மறுபடி வந்தது. ஃபிக்ரியாவின் உதடுகள் ஓதிக்கொண்டிருந்தன. இந்த முறை முத்திரை மறைந்த இடத்தில் கடற்கரைப் படம் ஒன்று விரிந்து, அப்படியே நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தர்வத் விளையாட்டைத் திறந்தான். பாதியில் நின்ற பலகை. மேலே 'ஷவ்கி' என்றும் கீழே 'ஃபிக்ரியா ஹானிம்' என்றும் எழுதியிருந்தது.

"அட, என் பேர்தான் அவளுக்கும்!" என்றாள். "எந்த ஊர்க்காரின்னு பாரு. அவளுக்கு எப்படி எழுதறது?"

"ஊரா? இது நெட்ல ஆடற ஆட்டமே இல்லையே. பக்கத்துல பக்கத்துல உக்காந்து ரெண்டு பேர் மாத்தி மாத்தி ஆடறது. பேரை அண்ணன்தான் போட்டிருக்கார். இது நீங்கதானே?" அவன் வெற்றி எண்ணிக்கையைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். "அடேயப்பா! நீங்கதான் நிறைய ஜெயிச்சிருக்கீங்க. அண்ணனை இந்த ஓட்டமா ஓடவிடுறது?"

அந்த ஆட்டத்தை ஒருமுறைகூட ஆடியிராத ஃபிக்ரியா துண்டின் ஓரத்தைப் பிரித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள்.

"சரி, அந்தப் பொம்பளையைத் தேடிப் பார்க்கட்டுமா? வேற எதுலயாவது இருப்பா."

"வேண்டாம்" என்றாள். "அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு."

மறுநாள் மதியம் ஒரே ஒரு தட்டைக் கழுவி வைத்தாள். மீன் சமைக்காத நாள்தான். இருந்தாலும் இரண்டு முறை சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். டீயோடு தம்பியின் அறைக்குப் போய், அவன் நாற்காலியை விட்டுவிட்டு, எதிரே ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். பலகையின் அடியில் 'ஃபிக்ரியா ஹானிமின் முறை' என்று இருந்தது. திரையிலிருந்த பகடைமேல் விரலை வைத்தாள். சுவர்வழியாகவே கேட்டுப் பழகிய அந்தச் சத்தம் கைக்கடியில் உருண்டது. எந்தக் காயை எங்கே நகர்த்துவதென்று அவளுக்குச் சரியாகத் தெரியாது. டேப்லெட்டே இடத்தைக் காட்டியது. நகர்த்தினாள்.

எழுத்து மாறியது. 'ஷவ்கியின் முறை.'

அவள் டேப்லெட்டை எடுத்து நாற்காலிப் பக்கமாகத் திருப்பி வைத்தாள். டீ ஆறிக்கொண்டிருந்தது.