கயிறு பிடிக்கும் வேலை

மலையேற்ற முகாமில் எல்லாருக்கும் அவள் ஸ்டோர் அக்கா. பதினோரு வருஷமாகக் கயிறு, தலைக்கவசம், பாதுகாப்பு பெல்ட் என்று எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்து ஜன்னல் வழியாக எடுத்துக் கொடுத்தவள். மலையேற வரும் பள்ளிப் பிள்ளைகளை அவள் அறிந்ததெல்லாம் இடுப்பளவால்தான். பாறை உச்சியில் அவர்கள் போடும் கூச்சல் மட்டும் ஸ்டோர் வரைக்கும் வரும். அந்தக் கூச்சலில் தனக்கும் ஒரு பங்கு வேண்டும் என்ற ஆசையை அவள் வெளியே விட்டதில்லை. இரண்டு வருஷம் ஞாயிறுதோறும் ஏறிப் பழகி, பயிற்றுநர் வேலைக்கு விண்ணப்பமும் போட்ட பிறகுதான் வீட்டுக்காரரிடம் சொன்னாள்.

"உன்னைப் பாத்தா மலையே ஒதுங்கி வழி விட்டுடும்" என்றார் அவர். கிண்டலா, பாராட்டா என்று அவள் கேட்கவில்லை.

எழுத்துத் தேர்வைத் தாண்டிய பத்துப் பேருக்கும் அன்று செய்முறைத் தேர்வு. தலைமைப் பயிற்றுநர் பாறையில் ஏறுவார். அவர் விழுந்தால் தாங்கும்படி கீழே நின்று கயிறு பிடிக்க வேண்டும். சுற்றி இருப்பவர்களைப் பிள்ளைகளாக நினைத்து ஒவ்வொன்றையும் விளக்கவும் வேண்டும். ஸ்டோர் சாவியை யாரிடம் கொடுத்துவிட்டு வந்தாள் என்று ஓர் இளைஞன் சீண்டினான். அவன் இடுப்பளவும் தனக்குத் தெரியும் என்றாள். சிரிப்பு அவள் பக்கம் சாய்ந்தது.

அவள் முறை கடைசி. அதற்கு முன் தலைமைப் பயிற்றுநர் பெல்ட்டைத் தளர்த்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். யாருடனோ போனில் பேசிக்கொண்டே திரும்பி வந்தார். பெல்ட்டை மாட்டி அதில் கயிற்றை முடிந்துகொண்டு, பேச்சு முடிந்ததும் பாறையில் கை வைத்தார்.

அவள் கண் பழக்கதோஷத்தில் பெல்ட்டுக்குப் போனது. பக்கிளில் ஒருமுறை நுழைந்த வார், மடங்கித் திரும்ப நுழையவில்லை. உடம்பின் பாரம் விழுந்தால் உருவிக்கொள்ளும்.

இருபது வருஷம் ஏறியவர். வேலை உத்தரவில் கையெழுத்துப் போடப்போகிறவரும் அவர்தான். இத்தனை பேர் முன்னால் மூக்கறுத்தால் என்ன ஆகும்? நுணலும் தன் வாயால் கெடும். கிட்டப் போய்க் காதோடு சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் கால் துடித்தது. அந்த ஆசையை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"சார், இறங்குங்க. பெல்ட் சரியா மாட்டல. நீங்க இப்ப ஏறக் கூடாது."

சீண்டிய இளைஞன் கை தட்டினான். அவளை ஆழம் பார்க்க அவரே வைத்த பொறி என்று நினைத்துவிட்டான்.

தலைமைப் பயிற்றுநர் குனிந்து பார்த்தார். முகம் வெளிறியது. "தட்டாதீங்க. இது பரீட்சை இல்ல. நான் மறந்துட்டேன்" என்றார்.

வாரைத் திருப்பி நுழைத்து, அவள் இழுத்துப் பார்க்கும்வரை நின்றார். அப்புறம்தான் ஏறினார். உச்சியில் கைகளை விட்டு அவர் தொங்கியபோது முழு பாரமும் கயிறு வழியாக அவள் இடுப்புக்கு வந்தது. அவள் அசையவில்லை.

தேர்வுக்குழுவில் இருந்த அம்மாள் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: மெதுவாகச் சொல்லியிருக்கலாமே?

"மெதுவா சொன்னா, தப்பைச் சொல்றதே தப்புன்னு பசங்க கத்துக்குவாங்கம்மா."

அந்த அம்மாள் எதையோ எழுதினார். தலைமைப் பயிற்றுநர் எழுதவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, திங்கட்கிழமை வரும் பள்ளிக் குழு அவளுடையது என்றார்.

நன்றி சொல்ல வேண்டும் என்பது அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. நிமிர்ந்து நின்றுகொண்டு கேட்டாள்:

"எத்தனை பசங்க சார்?"