இடது கால் பூட்ஸ்

அன்று அந்த ஹெல்மெட், பூட்ஸ் கடைக்குள் இருந்தவர்கள் நான், என் மகன், என் மருமகள், கடைக்காரி, கையுறை வாங்க வந்திருந்த ஒரு பல் டாக்டர். வேறு யாரும் இல்லை. என் சகலை, அதாவது என் மனைவியின் தங்கை கணவர், கடைக்குள் வரவே இல்லை. எதிர்ப்பக்கம் பேருந்துக்காக நின்றவர் கண்ணாடி வழியாகப் பார்த்தார். கண்ணாடி வழியாகக் காட்சி தெரியும், பேச்சு கேட்காது. கேட்காத பேச்சை அவரே சேர்த்துக்கொண்டு, கண் காது மூக்கு வைத்து, உறவு முழுக்கப் பரப்பிவிட்டார். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

என் மருமகள் பாதை இல்லாத இடங்களில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவள். கல், சேறு, ஓடை, சரிவு என்று மற்றவர்கள் இறங்கி நடக்கத் தயங்கும் இடமெல்லாம் அவளுக்குச் சாலை. இதை யாரும் எங்களிடம் மறைக்கவில்லை. முதன்முதலாக அவள் வீட்டுக்கு நாங்கள் போனபோதே வாசலில் சேறு அப்பிய வண்டி ஒன்று நின்றது. யாருடையது என்று கேட்டேன். "என்னோடது மாமா" என்றாள். அந்தக் குரலில் தயக்கமும் இல்லை, பெருமையடிப்பும் இல்லை. எனக்குப் பிடித்திருந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

போன மழைக்காலத்தில் ஈரப் பாறையில் வண்டி வழுக்கி, அவள் இடது கால்மேல் விழுந்தது. அன்று அவள் போட்டிருந்தது மலையேறுகிறவர்கள் போடும் சாதாரண பூட்ஸ். அது கணுக்காலை மூடியிருந்ததே தவிர, காக்கவில்லை. எலும்பில் தகடு வைத்துத் திருகாணி முடுக்கினார்கள். எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, ஒரு கதவுக் கீலை யாரோ என் வீட்டுப் பெண்ணின் காலுக்குள் மறந்துவிட்டுப் போனது போல இருந்தது. எலும்பு கூடியபின் டாக்டர் சொன்னார்: "ஓட்டலாம். ஆனா இந்தக் கால் பக்கவாட்டுல இன்னொரு தடவை மடங்கினா, வண்டியை மறந்துடுங்க. நடக்கிறதே சிரமம்."

அடுத்த மாதமே அவளோடு வண்டி ஓட்டும் குழு ஆற்றுப்படுகை வழியாக மலைமுகட்டுக்குப் போகத் திட்டமிட்டது. அவளும் போக வேண்டும் என்றாள். என் மகன் வாயைத் திறக்கவில்லை. அவன் சைக்கிளையே தள்ளிக்கொண்டு போகிறவன். உறவில் ஆளுக்கொன்று சொன்னார்கள். "மருமகளைக் காட்டுக்கு அனுப்பிட்டு மாமனார் வாசல்ல கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறாரு" என்று என் சகலை சொன்னது என் காதுக்கே வந்தது. எங்கள் வீட்டைப் பற்றி அடுத்தவர் அப்படிப் பேச நான் இடம் கொடுத்ததில்லை.

சாப்பாட்டு மேசையில் அவளிடம் சொன்னேன். "நீ என்ன போட்டுக்கிட்டுப் போறேன்னு நான் பார்க்கணும். தலையிலேர்ந்து கால் வரைக்கும். என் மனசுக்குச் சரின்னு பட்டா போ. படலைன்னா போகக் கூடாது."

தட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு, "சரி மாமா. நீங்க வேண்டாம்னு சொன்னா போகல. இனிமே எப்பவுமே போகல" என்றாள்.

மகன் பதறிப்போனான். "ஏன் இப்படி வாக்குக் கொடுக்கிறே? அப்பாவைப் பத்தித் தெரியாதா?"

"தெரிஞ்சுதான். உங்கப்பா சரின்னு சொல்ற பூட்ஸை எந்தப் பாறையாலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

எங்கள் வீட்டில் கொடுத்த சொல் கொடுத்ததுதான். அவள் வந்த நாளிலிருந்து அவளும் அப்படித்தான். ஆகையால் அந்தக் கடைக்குள் நுழைந்தபோது அவள் மறுபடி வண்டி ஏறுவாளா மாட்டாளா என்பது என் ஒரு தலையசைப்பில் இருந்தது. நான் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

டயர் கடைக்கும் நகல் எடுக்கும் கடைக்கும் நடுவில் நீளமாக உள்ளே போகும் கடை. ரப்பர் வாசனை. ஒரு சுவர் முழுக்க ஹெல்மெட்டுகள், இன்னொரு சுவர் முழுக்கப் பூட்ஸ்கள். நடுவில் ஸ்டாண்டில் நிறுத்திய வண்டி ஒன்று. கடைக்காரி ஒருகாலத்தில் பந்தயம் ஓட்டியவள். நல்ல உயரம், அதைவிடப் பெரிய குரல்.

"வாங்க சார். ரோட்டுக்கா, காட்டுக்கா?"

"காட்டுக்கு" என்றாள் மருமகள்.

"சாருக்கா?"

"எனக்கு இல்ல" என்றேன்.

"அப்பா நீதிபதி" என்றான் மகன். அவனுக்கு இந்த மாதிரி சமயங்களில்தான் வாய் வரும்.

நான் கட்டட வேலையில் மேற்பார்வையாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். தலையில் கவசம் இல்லாத ஆளைச் சாரத்தில் ஏற விட்டதே இல்லை. அதனால் தலையிலிருந்து தொடங்கச் சொன்னேன். "காட்டு வண்டிக்குக் கால்லேர்ந்து ஆரம்பிக்கிறதுதான் வழக்கம் சார்" என்றாள் கடைக்காரி. "எங்க வழக்கம் தலையிலேர்ந்து" என்றேன். "சரி, நீதிபதி சொன்னா அப்பீல் ஏது" என்று ஹெல்மெட்டை எடுத்தாள்.

முன்னால் நீண்ட தாடையும், மேலே வெயில் மறைக்கும் நெற்றித் தகடும் உள்ள ஹெல்மெட். அதை மருமகளுக்கு மாட்டி, தாடையைப் பிடித்து இடமும் வலமும் அசைத்தாள். "கன்னத்துத் தோல் கூடவே நகருதா, பாருங்க. தோல் நிக்க, ஹெல்மெட் மட்டும் நகர்ந்தா அது ஹெல்மெட் இல்ல, கவுத்த பாத்திரம்." முதல் இரண்டும் பாத்திரங்கள். மூன்றாவதில் கன்னம் நகர்ந்தது. நெஞ்சுக்கும் முதுகுக்கும் சேர்ந்த கவசம், முழங்கைக் காப்பு, முழங்கால் காப்பு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஓரங்களில் விரல் விட்டுப் பார்த்தேன். முதுகுத் தகடு இடுப்புக்கு எவ்வளவு மேலே நிற்கிறது என்று குனியச் சொல்லிப் பார்த்தேன். முழங்கால் காப்பு நழுவுகிறதா என்று உட்கார்ந்து எழச் சொன்னேன்.

பல் டாக்டர் தன் பாட்டுக்குக் கையுறைகளை மாட்டிக் கழற்றிக்கொண்டிருந்தார். "எனக்கு விரல்தான் சார் சோறு போடுது" என்று என்னிடம் விளக்கம் சொன்னார். நான் கேட்கவில்லை.

பிறகு பூட்ஸ். அங்கேதான் தகராறு.

நானே சுவரிலிருந்து ஒரு ஜோடியை எடுத்தேன். முழங்காலுக்குக் கீழ்வரை உயரம். கணுக்காலில் மரக்கட்டை போல விறைப்பு. இரண்டு கையாலும் வளைத்துப் பார்த்தேன், எந்தப் பக்கமும் அசையவில்லை. "இதுதான்" என்றேன். எங்கள் குடும்பத்தில் வளைந்து கொடுக்கும் பழக்கம் இல்லை. பொருளிலும் அதையேதான் தேடுவேன்.

மருமகள் அதைப் போட்டுக்கொண்டு ஸ்டாண்டு வண்டியில் ஏறினாள். இடது கால் கியரைத் தேடியது. பாதம் மேலே வரவில்லை. கால் முழுவதையும் தூக்கி, குத்துமதிப்பாகத் தட்டினாள்.

"கியர் எங்க இருக்குன்னே தெரியல மாமா."

"பழகிடும்."

"பழகறதுக்குள்ள பாறை வந்துடும்" என்றாள் கடைக்காரி. வேறு ஜோடியைக் கொண்டு வந்தாள். கணுக்காலின் இரண்டு பக்கமும் கீல் வைத்தது. போட்டதும் மருமகளின் பாதம் தானாக மேலும் கீழும் போனது, கியர் லீவர் டக் டக்கென்று விழுந்தது. அவள் முகம் மலர்ந்தது. என் முகம் மலரவில்லை.

"வளையுதே" என்றேன். "வளையறது எதைக் காக்கும்? போன தடவையும் வளையறதைத்தானே போட்டா?"

மருமகள் வண்டியிலிருந்து இறங்கினாள். வாதாடினால் அது கெஞ்சலாகிவிடும், கெஞ்ச மாட்டாள். பூட்ஸைக் கழற்றி என் கையில் கொடுத்தாள், அவ்வளவுதான்.

முன்பக்கமாக ஒரு விரலால் தள்ளினேன். வளைந்தது. பின்பக்கம், ஓர் எல்லைவரை வந்து நின்றது. பிறகு பக்கவாட்டில் மடக்கிப் பார்த்தேன். அசையவில்லை. பாதத்தை இடது கையிலும் மேல்பகுதியை வலது கையிலும் பிடித்து, ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி முறுக்கினேன். அசையவில்லை. என் மணிக்கட்டுத்தான் நொந்தது. மகனைக் கூப்பிட்டேன். ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தோம். பல் டாக்டரும் கையுறையோடு வந்து ஒரு கை கொடுத்தார். மூன்று ஆண்கள் ஒரு பூட்ஸோடு மல்லுக்கட்டினோம், அது எங்களைச் சட்டை செய்யவே இல்லை. கையை எடுத்ததும், என் சுண்டு விரல் பட்டு, மறுபடி முன்பக்கமாக மெதுவாகத் தலையாட்டியது.

எத்தனையோ கட்டடங்களை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். தூணுக்கு விறைப்புத்தான் பலம் என்று நினைத்தே ஆயுள் போய்விட்டது. எந்தப் பக்கம் வளைய வேண்டும், எந்தப் பக்கம் உயிரே போனாலும் வளையக் கூடாது என்று தெரிந்த ஒரு பொருளை அன்றுதான் கையில் பிடித்தேன். யாரோ ஒருவர், என்னைப் பார்த்திராதவர், என் மருமகளையும் பார்த்திராதவர், அவளுடைய அந்த ஒரு எலும்பை மனதில் வைத்து உட்கார்ந்து யோசித்தது போல இருந்தது. பூட்ஸைத் தரையில் வைக்க மனம் வராமல் மேசைமேல் வைத்தேன்.

கடைக்காரி என்னைப் பார்த்துவிட்டு, அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒற்றைப் பூட்ஸ் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அதே வகைதான், பழையது. வெளிப்பக்கத் தகடு பிளந்து, ஒரு கொக்கி பிய்ந்து, விரல் இருக்கும் இடம் நசுங்கியிருந்தது.

"என்னோடது சார். பள்ளத்துல வண்டி மேல விழுந்து இழுத்துக்கிட்டே போச்சு. கால் செத்துதுன்னு நினைச்சேன். செத்தது இதுதான்."

செருப்பைக் கழற்றிப் பாதத்தைக் காட்டினாள். விரல்களை ஒவ்வொன்றாக ஆட்டினாள். ஒரு தழும்புகூட இல்லை. நான் அந்தப் பாதத்தையும் பூட்ஸையும் மாறி மாறிப் பார்த்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் அவளே, "போதும் சார், கூச்சமா இருக்கு" என்று செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

"எல்லாத்தையும் சேர்த்துப் போட்டு நிக்கச் சொல்லுங்க. அப்புறம் சொல்றேன்" என்றேன். "தலையிலேர்ந்து."

மருமகள் ஹெல்மெட்டை மாட்டினாள். நெஞ்சுக் கவசம், முழங்கை, முழங்கால், கையுறை. கடைசியாகப் பூட்ஸுக்குள் காலை விட்டு, கொக்கி போடக் குனிந்தாள். குனிய முடியவில்லை. நெஞ்சுத் தகடு இடுப்பில் முட்டியது, தாடை நெஞ்சில் முட்டியது, தடித்த விரல்களுக்குக் கொக்கி எட்டவில்லை.

"இதுக்குத்தான் கால்லேர்ந்து ஆரம்பிக்கலாம்னு சொன்னேன்" என்றாள் கடைக்காரி.

மகன் போட்டுவிட முன்னால் வந்தான். "நில்லு" என்றேன். பார்க்கிறேன் என்று சொன்னவன் நான். என் சரி என்ற சொல்லுக்குப் பின்னால் என் கைதான் இருக்க வேண்டும்.

முழங்கால் போட்டு உட்கார்ந்தேன். என் மூட்டுச் சத்தம் கடைக்கே கேட்டிருக்கும்.

"கீழேர்ந்து மேல போங்க சார். பட்டையில பல் இருக்கு பாருங்க, அது உள்ள விழுற சத்தம் கேக்கணும்" என்றாள் கடைக்காரி.

"பல் விழுந்தா எங்கிட்ட அனுப்புங்க" என்றார் டாக்டர்.

யாரும் சிரிக்கவில்லை. முதல் கொக்கி விழுந்தது, அடுத்தது, அடுத்தது. மேல் கொக்கி முழங்கால் காப்பின் அடிப்பகுதியையும் சேர்த்து இறுக்கியது. பிறகு இடது கணுக்காலை, தகடும் திருகாணியும் இருக்கிற அந்த இடத்தை, இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினேன்.

"தெரியுதா?"

"என்ன மாமா?"

"என் கை."

"தெரியல."

உடம்பு முழுவதையும் சாய்த்து அழுத்தினேன். "இப்போ?"

"இல்ல மாமா. நீங்க அங்க இருக்கீங்கன்னே தெரியல."

நான் இருப்பது தெரியவில்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அன்று வரவில்லை. அண்ணாந்து பார்த்தேன். காலையில் மூக்குக்கண்ணாடியைத் தலையிலேயே வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடுகிறவளா இவள்? தரையில் வேர் விட்டவள் போல நின்றாள். ஹெல்மெட்டுக்குள் இரண்டு கண்கள் மட்டும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தன.

கையுறைக் கையை நீட்டினாள். பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

"சரி" என்றேன். "போயிட்டு வா."

அந்தச் சமயத்தில்தான் எதிரில் பேருந்து வந்து என் சகலையை ஏற்றிக்கொண்டு போனது.

முகட்டுக்குப் போனாள். வந்தாள். சேறு அப்பிய பூட்ஸை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, பசிக்கிறது என்று சொல்லிக்கொண்டே வெறுங்காலோடு மாடிப்படி ஏறினாள். நான் பூட்ஸை எடுத்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். இடது பூட்ஸில், வெளிப்பக்கம், கீலுக்கு நேர்மேலே, விரல் நீளத்துக்கு ஆழமான வெட்டு. பாறை அங்கே தன்னால் ஆனதைச் செய்து பார்த்திருக்கிறது. அவளிடம் கேட்டேன். "எங்க மாமா? நான் கவனிக்கலையே" என்றாள். மாடியில் அவள் நடக்கிற சத்தம் சீராகக் கேட்டது. வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

என் சகலை இன்னமும் சொல்லி வருகிறாராம், பெரியவர் நடுக்கடையில் மருமகள் காலில் விழுந்து போகாதே என்று கெஞ்சினார், அவள் கேட்கவில்லை என்று. நான் யார் காலிலும் விழவில்லை. போகாதே என்று சொல்லவும் இல்லை. பூட்ஸுக்குக் கொக்கி மாட்டினேன்.