ஒப்புதல் தராத கடைக்காரி

எனக்குக் கோபம் வந்தால் தமிழ் மட்டும்தான் வரும். அந்தமானில் போர்ட் பிளேரில் பிறந்து, கடைத்தெருவில் ஹிந்தியும் ஆபீஸில் இங்கிலீஷுமாக வளர்ந்தவள்தான். ஆனாலும் திட்டுவதற்குத் தமிழை விட்டால் எனக்கு வேறு வழியில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் செயலியில் இருப்பதிலேயே நல்ல பகுதி நான் கோபத்தில் எழுதியதுதான். அதில் எனக்குப் பெருமை உண்டு. மறைப்பானேன்?

என் பெயர் ரூபா. நானும் கூட்டாளி நந்தகுமாரும் ஊருக்குள் டெலானிபூர் ஏற்றத்தில் ஒரு வீட்டு மாடியில் ஆபீஸ் வைத்திருக்கிறோம். ஆபீஸ் என்றால் இரண்டு மேஜை, ஒரு இன்வெர்ட்டர். தீவுகளில் கடை வைத்திருப்பவர்கள் தங்கள் சாமானுக்கு ஷிப்பில் இடம் பதிவு செய்வதற்கான செயலி ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். அவர்களுடைய சங்கம் எங்களையும் மெயின்லேண்ட் கம்பெனி ஒன்றையும் கூட்டத்தில் செய்து காட்டச் சொல்லியிருந்தது. பிடித்தவர்களுக்கு வேலை. எங்களுக்குக் கிடைக்காவிட்டால் மாடியைக் காலி செய்துவிட்டு, விட்டுவந்த பெங்களூர் வேலைக்கே நான் திரும்பிப் போக வேண்டியதுதான். “தீவுல உக்காந்து சாப்ட்வேரா?” என்று சிரித்தவர்கள் எல்லாரும் என்னை வழியனுப்ப வருவார்கள். நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இரண்டு பேரால் ஆகிற வேலையில்லை அது. அதனால் இரண்டு ஏஐ உதவியாளர்களை வைத்துக்கொண்டோம். ஒன்று நிரல் எழுதும், மற்றது அதைச் சோதித்து ஒப்புதல் தரும். இரண்டுக்கும் தனித்தனியாகக் குறிப்பு எழுதி வைக்க வேண்டும். நீ யார், உன் வேலை என்ன, எதில் கை வைக்கக் கூடாது என்று. வேலை தொடங்குமுன் அவை அதைப் படித்துக்கொள்ளும். எழுதுகிறது சோதிப்பதன் குறிப்பைத் தொடக் கூடாது. சோதிக்கிறது நிரலில் ஒரு புள்ளியைக்கூட மாற்றக் கூடாது. இந்த ஏற்பாட்டை முதல் நாளே சரியாகச் செய்துவிட்டோம். தப்பு வேறு இடத்தில் நடந்தது.

சோதிப்பதற்கான குறிப்பை நந்தகுமார் இணையத்தில் எங்கிருந்தோ எடுத்து அப்படியே ஒட்டினான். ‘நீ ஒரு பெரிய நிறுவனத்தின் தர நிபுணர். எப்போதும் கனிவாகப் பேசு.’ கனிவாகத்தான் பேசியது. எதைக் கொடுத்தாலும் மிக அருமை என்றது. பதிவைப் பாதியில் விட்டுவிட்டுக் கால் மணி நேரம் சும்மா இருந்தால் எல்லாம் ரத்தாகிவிடும் என்று எழுதுகிற உதவியாளர் ஒரு விதி வைத்தது. அதற்கும் மிக அருமை.

அதை நம்பி, தீவுகளின் தெற்குக் கோடியில், கேம்பல் பேயில் கடை வைத்திருக்கும் ஜன்னத் பீவியிடம் பார்க்கக் கொடுத்தோம். சங்கத்தில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. அரிசி, பருப்பு, வெங்காயம் என்று அவர் பதிவு செய்துகொண்டிருந்தபோது அங்கே நெட்வொர்க் போய்விட்டது. திரும்பி வந்தபோது பதிவு இல்லை. உடனே என் போன் அடித்தது.

“ஏ புள்ள, பாகலா நீ, பைத்தியமா? இங்க நெட்டு போனா எப்ப வரும்னு அல்லாவுக்குத்தான் தெரியும். கால் மணி நேரமாம்ல! ஷிப்பே சொன்ன நாளைக்கு வர்றதில்ல. ஷிப் கேன்சல் ஆனா இங்க என்ன செய்வோம்னாவது தெரியுமா உனக்கு? சிமென்ட் போட்டவன், தகரம் போட்டவன்லாம் அவனாவே ஒதுங்கிக்கிருவான். காய்கறிக்காரன் அடுத்த ஷிப்புல முந்தி ஏத்துவான். யாரும் சட்டம் போடல. அப்படித்தான் எங்க பொழப்பு ஓடுது.”

போனை வைத்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவர்மேல் இல்லை, அந்த மிக அருமைமேல். நந்தகுமாரின் குறிப்பை அழித்துவிட்டு ஒரே மூச்சில் தமிழில் எழுதினேன்.

‘நீ கேம்பல் பேயில் கடை வைத்திருப்பவள். நிபுணர் இல்லை. நெட்வொர்க் எந்த நேரமும் போகும் என்று வைத்துக்கொள். ஷிப் கேன்சலாகும் என்று வைத்துக்கொள். அப்படி ஆனால் அழுகுகிற சாமானுக்கு மற்றவர்கள் இடம் விட வேண்டும். யாரையும் பாராட்டாதே. நிரலை ஓட்டிப் பார். உன் சாமான் கெடாமல் கடைக்கு வந்து சேரும் என்று தெரிந்தபிறகே ஒப்புதல் கொடு. கோபம் வந்தால் மறைக்காதே.’

நந்தகுமார் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தான். “அரே, ரூபா ஒருத்தியையே சமாளிக்க முடியல. இன்னொருத்தி வேறயா?”

அன்றோடு எங்கள் நிம்மதி போயிற்று. சோதிக்கிற உதவியாளர் கால் மணி நேர விதியைத் தூக்கி எறியச் சொன்னது. நெட்வொர்க் இல்லாதபோதும் பதிவு போனிலேயே காத்திருக்க வேண்டும் என்று அடம்பிடித்தது. நாங்கள் முனகிக்கொண்டே ஒவ்வொன்றாகத் திருத்தினோம். செயலி உருப்பட ஆரம்பித்தது.

கூட்டத்தன்று காலை, மிச்சமிருந்த ஷிப் கேன்சல் பகுதியையும் சேர்த்துக் கடைசியாக ஒருமுறை ஓட்டினோம். சிவப்பு விழுந்தது, ஒப்புதல் இல்லை என்று அர்த்தம். ஷிப் கேன்சலானால் பதிவுகள் வரிசைப்படியே அடுத்த ஷிப்புக்குப் போயின. முதலில் பதிவு செய்த சிமென்ட் முதலில் ஏறியது. சரிசெய்யப் பார்த்தோம், முடியவில்லை. மூட்டை என்ன எடை என்று கேட்ட எங்கள் செயலி, மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கவே இல்லை. அடியிலிருந்து மாற்ற வேண்டும். நேரம் இல்லை.

“குறிப்புல ஒரு வரி போதும்,” என்றான் நந்தகுமார். “இன்னைக்கு மட்டும் சின்னக் குறைய விட்டுடுன்னு. பச்சை வந்துடும். மீட்டிங் முடிஞ்சதும் எடுத்துடலாம்.”

“சின்னக் குறையா? அழுகப்போறது உன் வீட்டு வெங்காயமா?”

“வேலை போயிட்டா?”

“போகட்டும்!”

கத்துவது சுலபம். ஏற்றத்திலிருந்து இறங்கிக் கூட்டத்துக்கு நடக்கும்போது பெங்களூருக்குப் பெட்டி கட்டுவதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மெயின்லேண்ட் கம்பெனிக்காரர் முதலில் காட்டினார். திரை முழுக்கப் பச்சை. ஷிப் கேன்சலானால் என்ன ஆகும் என்று முன்வரிசையிலிருந்து ஜன்னத் பீவி கேட்டார். தானாகவே அடுத்த ஷிப்புக்கு வரிசைப்படி மாறிவிடும், கவலையே வேண்டாம் என்றார் அவர்.

அடுத்து நாங்கள். எல்லாம் காட்டிவிட்டுக் கடைசியில் அந்தச் சிவப்பையும் திரையில் போட்டேன். ஒளிக்க எனக்கு மனம் வரவில்லை. ஜன்னத் பீவி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உரக்கப் படித்தார்.

“ ‘ஷிப் கேன்சலானால் சிமென்ட் ஏறுகிறது, என் வெங்காயம் கப்பல்துறையில் கிடக்கிறது. அது அழுகினால் யார் தின்பது, நீங்களா? ஒப்புதல் இல்லை.’ ” நிமிர்ந்தார். “இது என்னய மாதிரில்ல பேசுது?”

“உங்கள மாதிரி பேசணும்னுதான் எழுதினேன், ஆன்ட்டி. நீங்க போன்ல திட்டினது.”

“எங்க, அதக் காட்டு.”

குறிப்பைத் திரையில் போட்டேன். அவர் வரிவரியாகப் படித்து, பக்கத்திலிருந்த பெங்காலிக்காரர்களுக்கும் தெலுங்குக்காரர்களுக்கும் ஹிந்தியில் சொன்னார். சிமென்ட் வியாபாரி ஒருவர் பின்வரிசையிலிருந்து “பில்குல் சஹி!” என்று ஆமோதித்துக் கத்தினார். பெங்களூரில் எத்தனையோ எழுதியிருக்கிறேன். எதையும் இப்படி ஒரு கூட்டம் தலையாட்டிக் கேட்டதில்லை.

ஜன்னத் பீவி எங்கள் பக்கம் திரும்பினார். “இத மாத்தி எழுதி, அது வாய அடைக்க முடியுமா முடியாதா?”

நந்தகுமார் எழுந்து நின்றான்.

“முடியும் ஆன்ட்டி. ஒரு வரி போதும். காலையில நான்தான் சொன்னேன். ரூபா விடல.”

அவனைக் கட்டிக்கொள்ளலாம்போல இருந்தது. கூடவே, முடிந்தது கதை என்றும் தோன்றியது.

சங்கத்தின் செயற்குழு தனியாகப் போய்ப் பேசிவிட்டு வந்தது. ஜன்னத் பீவி உட்காரவில்லை.

“வேல உங்களுக்குத்தான். வெங்காயத்தச் சரி பண்ணிட்டு ஆரம்பிங்க. ஆனா ஒண்ணு. அந்தக் குறிப்பு இனிமே சங்கத்தோடது. எங்களக் கேக்காம அதுல ஓர் எழுத்த நீயும் மாத்தக் கூடாது, அந்தத் தம்பியும் மாத்தக் கூடாது.”

எனக்குச் சுருக்கென்றது. என் எழுத்து, என் கோபம், நானே தொடக் கூடாதா? வாய் திறக்கப் போனேன். எதிரே பார்த்தால், கடைக்காரர்கள் எல்லாரும் அந்தத் திரையை ஏற்கெனவே தங்கள் சொத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதைவிட என்ன வேண்டும் எனக்கு? அங்கேயே உட்கார்ந்து, அதைத் திருத்தும் உரிமையிலிருந்து எங்கள் இருவர் பெயரையும் நீக்கி ஜன்னத் பீவியின் பெயரைப் போட்டேன்.

“இப்பவே ஒரு திருத்தம்,” என்றார். “கேம்பல் பேன்னு மட்டும் போட்டா வடக்க இருக்கிற லாங் ஐலண்ட்காரன் சண்டைக்கு வருவான். அவனையும் சேத்துரு.”

அவர் சொல்லச் சொல்ல, அவர் கணக்கில் நான் தட்டினேன். முடித்துவிட்டு நிமிர்ந்தேன்.

“சரியா, ஆன்ட்டி? சேமிச்சிடட்டுமா?”

“இரு புள்ள,” என்றார். “ஓட்டிக் காட்டு, பாத்துட்டுச் சொல்றேன்.”