அன்புக்கரசிக்குக் கொடுத்த மோர்

1

இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை போகும் பஸ்ஸில் பக்கத்து சீட்டு அக்கா சொன்னது. "எங்க பீங்கான் கம்பெனியில ஒருத்தி" என்று ஆரம்பித்தார். வேடிக்கையாகத்தான் சொன்னார்; முன்சீட்டு, பின்சீட்டு எல்லாம் சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதனால் எழுதுகிறேன்.

முதல் தொடக்கம்: அன்புக்கரசி பீங்கான் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறவள். ஒருநாள் அவள் கண்களே...

வேண்டாம். பொம்மைக்கண், மனுஷிக்கண், ஆகா என்ன குறியீடு என்று உச்சுக்கொட்டுவீர்கள். அவள் ஃபியூஸ் கட்டைகளை அட்டைப்பெட்டியில் அடுக்குகிறவள். இதிலும் குறியீடு கண்டுபிடிப்பவர்களுக்கு என் அனுதாபம்.

2

மத்தியானம் அன்புக்கரசி குனிந்து நிமிர்ந்தாள். ஷெட்டு சுற்றியது. தகரக்கூரை ஒரு பக்கமாக ஓடியது, திரும்பி வந்தது, மறுபடி ஓடியது. கண்ணை ஓரிடத்தில் நிறுத்தப் பார்த்தாள், நிற்கவில்லை. வாந்தி எடுத்தாள்.

"சூளைச் சூடு தலைக்கேறிக்கிச்சு" என்றார் சூப்பர்வைசர் மதிவாணன்.

அந்தக் கம்பெனியில் எல்லா நோய்க்கும் இதுதான் பெயர். வைத்தியமும் ஒன்றுதான்: தலைக்குத் தண்ணி, வயித்துக்கு மோர். (மருத்துவக் கல்லூரிகள் கவனிக்க.)

கூட வேலை செய்யும் பூர்ணிமா சொம்போடு குனிந்தாள். "யக்கா, உன் கண்ணு என்னா தாயம் உருட்டுது?"

"ஆஸ்பத்திரிக்குப் போவணும்டி." நாக்கு குழறியது.

பூர்ணிமா மதிவாணனிடம் திரும்பினாள். "சார், நூத்தியெட்டுக்குப் போடுங்க. வாதமா இருக்கப் போவுது."

"வாதம்னா வாய் கோணும், கை வுழும். இவ கையத் தூக்கிக் காட்டுறா பாரு. கேட்டுல ஆம்புலன்ஸ் நின்னா மொதலாளி என்னயத்தான் கேப்பாரு. மோரக் குடு."

மோர் உள்ளே இறங்கவில்லை. புரையேறி மூக்கில் வந்தது. "புளிச்ச மோரு" என்று அதற்கும் விளக்கம் வைத்திருந்தார்.

படுத்தால் எழுந்திருக்க மாட்டோம் என்று அவளுக்குப் பட்டது. எழுந்தாள். இடது பக்கமாகச் சாய்ந்து பெட்டிகள் மேலேயே விழுந்தாள்.

"கட்ட எதுனா ஒடஞ்சிதா பாரு" என்றார் மதிவாணன்.

3

(சிறுமூளைக்குப் போகும் ரத்தம் அடைத்துக்கொண்டால் வாய் கோணாமலே, கை விழாமலே இருக்கலாம். தலை சுற்றும், கண் துள்ளும், நடை தள்ளாடும். மோர் இந்த அடைப்பை நீக்காது.)

முடிவு அ: பூர்ணிமாவே போன் போடுகிறாள். கடலூர், ஸ்கேன், மருந்து, நலம். உங்களுக்கு நன்றாகத் தூக்கம் வரும்.

முடிவு ஆ: அன்புக்கரசி சாகிறாள். எனக்குப் பரிசு கிடைக்கும்.

முடிவு இ: ஷிப்டு முடிந்த பிறகு மதிவாணன் மனம் திருந்தி...

சிரிப்பு வருகிறது. விடுங்கள்.

4

பெட்டிகள் மேல் விழுந்த இடத்தில்தான் அக்கா நிறுத்தினார். "அப்பறம் என்னா ஆச்சு?" என்றேன்.

"பொழச்சிக்கினா. லேட்டாதான் தூக்கினு போனாங்க."

மங்கலம்பேட்டை வந்தது. எழுந்தார். கால்களை அகட்டி வைத்து, ஒரு கம்பியை விட்டு அடுத்த கம்பியைப் பிடிக்கத் தடுமாறினார். திரும்பி என்னைப் பார்த்தபோது அவர் பார்வை என் முகத்தில் நிற்கவில்லை. நழுவியது, வெடுக்கென்று வந்தது, மறுபடி நழுவியது.

"யம்மா, பகல்லயே ஊத்திக்கினியா? பாத்து எறங்கு" என்றார் கண்டக்டர்.

பஸ் சிரித்தது. எல்லோருக்கும் முந்திக்கொண்டு அக்கா சிரித்தார்.

அன்புக்கரசி என்பது நான் அவருக்கு வைத்த பெயர். கண்டக்டருக்குச் சொல்லவேண்டிய பதில் ஒரு வரி பாக்கி இருக்கிறது. அதை நான் எழுதப்போவதில்லை. முதல் வரியிலிருந்து அந்த பஸ்ஸில் நீங்களும்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். சொல்லுங்கள்:

"யோவ் கண்டக்டரு,