பச்சை என்று சொன்ன பத்தொன்பது நாள்

அந்த மீன்தொட்டியைச் சக்களத்தி என்றுதான் அவள் சொல்வாள். இருபத்தாறு வருஷத் தாம்பத்தியத்தில் அவர் பெண்டாட்டி முகத்தைப் பார்த்ததைவிட அந்தத் தண்ணீரைப் பார்த்ததுதான் அதிகம். சும்மா நாலு மீன் நீந்துகிற தொட்டியா அது? அடியில் மண், மண்ணில் புல், பாசி, சிவப்பு இலைச் செடி என்று தண்ணீருக்குள் ஒரு தோட்டம். செடி வளரக் கார்பன் டை ஆக்சைடு வேண்டுமாம், அதற்குத் தனியாக ஒரு சிலிண்டர். அடுப்புச் சிலிண்டர் தீர்ந்ததுகூடத் தெரியாத மனுஷனுக்கு, இதில் எவ்வளவு மிச்சம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும்.

தொட்டியின் உள்சுவரில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கண்ணாடிக் குமிழ் ஒட்டியிருந்தது. அதற்குள் கொஞ்சம் திரவம். நீலமாக இருந்தால் வாயு போதவில்லை. பச்சை என்றால் சரியான அளவு. மஞ்சளானால் வாயு மிஞ்சிப்போய் மீனுக்கு மூச்சு முட்டுகிறது. அதிலும் அவருக்கு நாலு விதப் பச்சை தெரியும். அவளுக்கு ஒன்றுதான்.

மூச்சிரைப்பு என்று அவர் ஆஸ்பத்திரியில் படுத்து இருபத்திரண்டு நாளாகிவிட்டது. போகும்போது, நான் வர்றவரைக்கும் மீனைப் பாத்துக்கோ என்றார். உன்னைப் பார்த்துக்கொள் என்று ஒரு வார்த்தை இல்லை, பாருங்கள். பார்க்க வருகிறேன் என்றால், வார்டு முழுக்க இருமல், உனக்கும் தொத்திக்கும், வராதே என்று தடுத்துவிடுவார். தினமும் நாலு மணிக்கு போன். என்ன நிறம் என்று அவர் கேட்பார். பச்சை என்பாள். டாக்டர் என்ன சொன்னார் என்று அவள் கேட்பாள். எல்லாம் சரியாகிட்டு வருதாம் என்பார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் மறுநாள் தையல் மெஷினில் உட்காருவாள்.

இன்று காலை குமிழின் திரவத்தை மாற்ற வேண்டிய நாள். அவர் சொன்னபடியே கழுவி, புதுத் திரவம் ஊற்றி, ஒட்டிவைத்தாள். நீலமாக இருந்தது. நீலமென்றால் சிலிண்டர் வால்வைக் கொஞ்சம் திருகு என்பது அவர் போட்ட சட்டம். திருகினாள். பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் அதே நீலம். என்ன அழுத்தமடி உனக்கு என்று குமிழைத் திட்டிவிட்டு மறுபடி திருகினாள். மூன்றாவது தடவையும் திருகினாள். தைக்க வேண்டிய சட்டைகள் குவிந்துகிடந்தன, போய் உட்கார்ந்துவிட்டாள்.

மத்தியானம் ரெண்டு மணிக்கு மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பசி போலிருக்கிறது, பாவம் என்று ஒரு சிட்டிகை தீனி போட்டாள். ஒன்றுகூடத் தொடவில்லை. காலர் தைத்து முடித்துத் திரும்பி வந்தபோது பாதிக்குமேல் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தன. குமிழ் எலுமிச்சம்பழ மஞ்சளாக இருந்தது.

ஓடிப்போய்ச் சிலிண்டரை மூடினாள். கரண்டியை எடுத்துத் தண்ணீரை அடித்து அடித்துக் கலக்கினாள், தோள் விட்டுப்போகும்வரை. பதினேழில் ஆறு பிழைத்தன. செத்த பதினொன்றையும் ஒரு கிண்ணத்தில் எடுத்துப்போட்டு, மூடி வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதாள். படுக்கையில் கிடக்கிறவரிடம் இதைச் சொல்லி அவர் மூச்சையும் அடைக்க வேண்டுமா? சொல்வதில்லை என்று முடிவு செய்தாள்.

புதுத் திரவம் மாற்றிய நாள் என்பதாலோ என்னவோ, நாலு மணிக்கு வீடியோவில் வந்தார். கன்னம் முன்னைவிட ஒட்டிப்போயிருந்தது. தொட்டியைக் காட்டச் சொன்னார். செடி அடர்ந்த மூலையாகப் பார்த்துக் காட்டினாள். குமிழைக் காட்டு என்றார். வேறு வழியில்லை, காட்டினாள். அது இன்னும் மஞ்சளாகத்தான் இருந்தது. ரொம்ப நேரம் பார்த்தார்.

"பச்சையாத்தான் இருக்கு. நல்லா பாத்துக்கிறே" என்றார்.

முதலில் அவளுக்கு உயிர் வந்தது. அடுத்த நொடியே குமிழை இன்னொரு தடவை பார்த்தாள். நாலு பச்சை தெரிந்த மனுஷன், மஞ்சளைப் பார்த்து, கண் இமைக்காமல் பச்சை என்கிறாரே. அந்தக் குரல் அவளுக்குப் பழக்கமான குரல். எல்லாம் சரியாகிட்டு வருதாம் என்று தினமும் சொல்கிற அதே குரல்.

"அது மஞ்சள்ங்க. பதினொண்ணு செத்துப்போச்சு, நான்தான் கொன்னுட்டேன்" என்றாள். "உங்களுக்கும் தெரிஞ்சுதான் பச்சைன்னீங்க. இப்ப சொல்லுங்க, டாக்டர் என்ன சொன்னாரு?"

அவர் முகம் திரையிலிருந்து நகர்ந்தது. மேற்கூரையும் ஒரு மின்விசிறியும் மட்டும் தெரிந்தன.

"புதுத் திரவம் நிறம் மாற ரெண்டு மணி நேரம் ஆகும். அதைச் சொல்ல மறந்துட்டேன். தப்பு என்னோடது, நீ அழாதே" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டார். "வந்த மூணாம் நாளே சொல்லிட்டாங்க. இனிமே மருந்து கேக்காதாம்."

பத்தொன்பது நாள். அத்தனை நாளும் இவள் மெஷின் மிதித்துக்கொண்டு, அவர் வந்ததும் போட்டுக்கொள்ள ரெண்டு சட்டை வேறு தைத்து மடித்து வைத்திருக்கிறாள். பாவி மனுஷா என்று வாய்வரை வந்தது, விழுங்கிக்கொண்டாள்.

"கதவைப் பூட்டிட்டு வர்றேன்" என்றாள். "உள்ள விடலைன்னா வெளியில உட்கார்ந்திருக்கேன்."

வராதே என்று சொல்வார் என்று காத்திருந்தாள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவர் சொல்லவில்லை.