மூன்று ஞாயிறு கண்ட ரொட்டி

கடை நடுவே செத்துக் கிடத்தியிருந்த அப்பாவின் சட்டைக் காலரில் கடைசிப் பொத்தானை மாட்ட டீலியா மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, மாதா கோயில் சாமியார் தெருமுனைக்கு வந்துவிட்டார் என்று கடையில் மது ஊற்றித் தரும் ஓவன் ஓடிவந்து சொன்னான்.

அவள் அப்பா ஃபீலிம் காஃப்னியின் ஓட்டலைப் பற்றி நியூயார்க்கில் நல்ல வார்த்தை சொன்னவர் கிடையாது. ஞாயிறன்று குடி விற்கச் சட்டம் கேட்ட பத்து அறைகள் மாடியில் இருந்தன. எந்த ஜோடியும் அங்கே விடியும்வரை தங்கியதில்லை. குடியைச் சாப்பாட்டோடுதான் விற்க வேண்டும் என்பதும் சட்டம். அதற்காகவே ஒரு சாண்ட்விச் மேசைக்கு மேசை போய்வந்தது. இப்போதிருப்பது மூன்று ஞாயிறு கண்டது. அதை யாரும் தின்பதில்லை என்பது ஊரறிந்த ஒழுக்கம்.

அந்தக் கடைப் படியை மிதிக்கமாட்டேன் என்று முதலில் சொன்ன சாமியாரை டீலியா நேரில் போய் அழுது சம்மதிக்க வைத்திருந்தாள். ஜெபமில்லாமல் தூக்கிப்போனால் தெரு காலத்துக்கும் பேசும். அப்பா பெரிய எத்தன்தான். ஆனாலும் அவர்மேல் அவளுக்கு உயிர்.

சாமியார் முகம் கொடுக்காமல் உள்ளே வந்தார். காலையிலிருந்து பூசை வைத்த வெறும் வயிறு. நாற்காலியில் சரிந்தவர், எதிரே தட்டில் இருந்ததை எடுத்துக் கடித்தார்.

துக்கத்துக்கு வந்த கூட்டம் கையில் கோப்பையோடு அப்படியே நின்றது. ஓவன் சிலுவை போட்டுக்கொண்டான். சாமியார் மென்றார், மென்றார், மென்றுகொண்டே இருந்தார்.

அந்த நேரம் பார்த்து வட்டாரத்துக்குப் புதிதாக வந்த போலீஸ்காரர் தலையை நீட்டினார். ரகளையானால் சாமியார் எழுந்து போய்விடுவாரே என்று டீலியா வாசலை நோக்கி விரைந்தாள்.

"ஞாயித்துக்கெழம குடி நடக்குது. சாப்பாடு எங்க?"

சாமியார் கடைசி வாயைக் கஷ்டப்பட்டு விழுங்கினார். "நான்தாம்ப்பா சாப்பிட்டேன். ஏன், உனக்கும் வேணுமா?"

போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்.

"ஏம்மா, இது எப்ப செஞ்சது?" என்றார் சாமியார்.

பொய் நுனிநாக்குவரை வந்தது. அப்பாவின் முன்னால் அவளால் முடியவில்லை.

"மூணு வாரம் ஆச்சு, சாமி."

அவர் ஃபீலிமின் முகத்தையே பார்த்தார். தோள்கள் குலுங்கின. கோபம் என்றுதான் நினைத்தாள்.

"படுபாவி, செத்தும் என்னை ஏமாத்திட்டானே," என்று சிரித்தபடி மண்டியிட்டார். கடையே மண்டியிட்டது, மாடியிலிருந்த பெண்களும் இறங்கிவந்து ஓரமாக மண்டியிட்டார்கள்.

ஜெபத்தின் நடுவே அவருக்கு இரண்டு தடவை விக்கல் வந்தது. டீலியா எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து, அப்பாவின் தலைமாட்டில், சாமியார் கைக்கு எட்டும்படி வைத்தாள்.